இருபத்திரண்டு டெசிபெல்

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணி நேரம்
கூரையெங்கும் காற்றாடிகள்.
தூசியில்லா அறை என்று பெயர்.
சத்தமில்லா அறை என்று யாரும் சொன்னதில்லை.
வெள்ளை உடைக்குள் கண் மட்டும் வெளியே.
சில்லுகளைச் சோதித்துச் சோதித்துத் தட்டில் அடுக்குவேன்,
ஒன்றுகூட என்னுடையதில்லை.

தனேந்திரனுக்குப் பட்டர்வொர்த் துறைமுகத்தில் இரவு வேலை.
எனக்கு லீவு நாள் என்றால்
அவனுக்கு அது தூக்க நேரம்.
ரெலாவில் பதினோராம் மாடி, ஒரே அறை,
கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே
ஒரு முழங்கால் அகலம்.

அதனால் கடைக்காரரிடம் நான் முதலில் கேட்டது
வேகம் இல்லை.
"சத்தம் வேணாம் பாஸ்."
பூன் கியாட் நிமிர்ந்து பார்த்தார்.
முதல் தடவை வருகிறவர்கள்
கலர் லைட்தான் கேட்பார்களாம்.

கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு
உள்ளே நுரை ஒட்டிய கறுப்புப் பெட்டியை
விரல் மடக்கித் தட்டினேன்.
மொத்தென்றது. பிடித்துப்போனது.
விசிறி, பெரிதாக, மெதுவாக.
சின்ன விசிறி அதே காற்றைத் தள்ள
எவ்வளவு கத்த வேண்டியிருக்கிறது பாவம்.
மின்வழங்கி, சுமை இல்லாதபோது
தன் விசிறியை நிறுத்திக்கொள்ளுமாம்.
சொல்ல ஒன்றுமில்லையென்றால் சும்மா இருப்பது:
எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்காத அந்தக் குணத்துக்கு
அறுபது வெள்ளி கூடுதல்.
கொடுத்தேன்.

வரைகலை அட்டையில்தான் மனம் தடுமாறியது.
மூன்று விசிறி வைத்தது ஒன்று
தாலிக்கொடிபோல் கண்ணாடிக்குள் மின்னியது.
சீட்டெடுத்த பணம் மூவாயிரத்து எண்ணூறு
கைப்பையில் இருந்துகொண்டே
வேண்டாம் வேண்டாம் என்றது.
பூன் கியாட்டும் சொன்னார்:
இது பினாங்கு, சும்மா உட்கார்ந்திருந்தாலே வேர்க்கிற ஊர்,
அதிகம் சுடுவது அதிகம் கத்தும்.
ஒரு படி இறங்கினேன்.
இன்னும் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, மறைப்பானேன்.

குளிர்விப்பானை வீட்டுக்குக் கொண்டுபோய்
ஐந்து மில்லிமீட்டர் உயரம் என்று கண்டுபிடித்து
கதவு மூடாத பெட்டியோடு முறைத்துக்கொண்டிருந்து
மறுநாள் மழையில் பஸ் ஏறி மாற்றி வந்தேன்.
அதைத் தனேந்திரனிடம் சொல்லவில்லை.

ப்ராசஸரின் உலோக முதுகில் பொடி எழுத்து.
கைப்பேசி வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தேன்:
மலேசியா.
எங்கள் கூடமா, வேறு கூடமா,
என் தட்டில் ஒரு நாள் இருந்துபோனதா,
தெரிய வழியில்லை.
ஆனால் ஏழு வருடத்தில்
கையுறை இல்லாமல் ஒன்றைத் தொட்டது
அன்றுதான்.

சனிக்கிழமை மதியம் பொத்தானை அழுத்தினேன்.
அமைதி.
அடடா, என்ன அமைதி என்று
கால் நிமிடம் பெருமையில் உட்கார்ந்திருந்தேன்.
எட்டு முள் கம்பியைச் செருகவே இல்லை.

செருகி, மறுபடி.
மறுபடியும் அமைதிதான். ஆனால்
பின்பக்கம் உள்ளங்கையை வைத்தால்
இளஞ்சூடாக ஒரு காற்று.

அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க
மற்றதெல்லாம் கேட்கத் தொடங்கியது.
குளிர்பெட்டியின் முனகல்.
மேல்வீட்டில் மாஜோங் காய் கலைக்கும் ஓசை.
தனேந்திரனின் குறட்டை:
கைப்பேசியில் அளந்தேன், நாற்பத்தாறு டெசிபெல்.
பெட்டி இருபத்திரண்டு.
அவனுக்கு நுரை ஒட்டும் வசதி இல்லை.

காதில் ஹெட்ஃபோன் மாட்டி
பனிமலை ஒன்றில் வாளோடு ஏறினேன்.
எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டவள்
ஒன்றை விட்டுவிட்டேன்.
இரண்டாம் வளைவில் ஓநாய் பாய்ந்தபோது
பதினோராம் மாடி அதிரக் கத்தியது
நான்.

போர்வை எழுந்து உட்கார்ந்தது.
"யாருடி செத்தது?"

"நான்தான். நீ தூங்கு.
திரும்பப் பிறந்துட்டேன்."