பெரட்டு

துரோலாக் டவுனில் ஆ லெக் கடையில் வாங்கிய
கோடு போட்ட நோட்டு. நாற்பது காசு.
முதல் பக்கத்தை விட்டுவிட்டேன்.
பெயர் எழுதும் பக்கம் அது.

பாலம் தகர்க்கும் பட்டாளத்தில் இருந்தேன்.
கட்டவும் தெரியும், யாரும் கட்டச் சொல்லவில்லை.
ஜித்ராவிலிருந்து தெற்கே ஓடிவந்த ஒரு மாதத்தில்
பதினோரு பாலங்கள்.
பன்னிரண்டாவது இந்த ஊர் ஆற்றின்மேல்.

திரி நனைந்துவிட்டது என்று மேஜரிடம் சொன்னேன்.
நனைந்துதான் இருந்தது.
காய்ந்த திரி ஒன்று சட்டைப்பையில் இருந்ததை
இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

அக்கரையில் லயத்துச் சனம் மூட்டையோடு நின்றது.
ஒருத்தி தமிழில் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருந்தாள்,
சட்டியை எங்கேடா போட்டே என்று.
அவர்கள் வரட்டும் என்று இருந்தேன்.
வந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால் டாங்கிகளும் வந்தன.
என் கம்பெனியில் முப்பத்தொரு பேர்.

(அது பாவாயி இல்லை. கேட்டுவிட்டேன்.
அவள் அன்று காய்ச்சலில் கிடந்தாளாம்.)

சிங்கப்பூர்த் திடலில் எங்களை
எண்ணி ஒப்படைத்தான் ஒருவன்,
எண்ணி வாங்கிக்கொண்டான் இன்னொருவன்.
கொடி ஒரு பக்கம் இருந்தது.
சோறும் அந்தப் பக்கமே இருந்தது.
கை தூக்கினேன்.
எதற்காகத் தூக்கினாய் என்று
முப்பது வருசமாய் நானே கேட்டாயிற்று.

டில்லிக்கு என்றார்கள்.
நான் டில்லியைப் பார்த்ததில்லை.
மணப்பாறைக்குக் கிழக்கே என் ஊர்,
கிணறு வெட்டினால் பாறைதான் வரும்.
நாடு என்று அவர்கள் கத்தும்போது
அந்தப் பாறைதான் கண்ணில் வந்தது, வேறொன்றும் இல்லை.
இருந்தும் நானும் கத்தினேன், தொண்டை கட்டும்வரை.

வெள்ளைக்காரன் திரும்பி வந்து
எங்களை நிறம் பிரித்தான்:
வெள்ளை, சாம்பல், கறுப்பு.
நான் சாம்பல்.
கப்பலேற்ற வைத்திருந்த முகாமின்
வேலிக்கு அடியில் நாய் பறித்த பள்ளம் இருந்தது.

பாவாயியின் புருசன் குப்பமுத்து
சயாம் ரயிலுக்குப் போனவன். அங்கேயே இருக்கிறான்.
செக்ரோலில் அவன் பெயரை யாரும் அடிக்கவில்லை.
"ரெண்டு பிள்ளைக்கு அரிசி வேணும்.
பெரட்டுல நில்லு.
கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லு."
அவ்வளவுதான் பேசினாள்.

விடியாத நாலரை மணி. பனி.
பட்டாளத்தில் பரேடு, இங்கே பெரட்டு.
"குப்பமுத்து!"
"இருக்கேன்."
கிராணி சேவியர்நாதன் லாந்தரைத் தாழ்த்தி
என் கால்களைப் பார்த்தார்.
குதிகால் இரண்டும் ஒட்டி நின்றன.
ஒன்றும் சொல்லாமல் பேர் போட்டார்.

செவப்பு ஐசி வந்தது.
நீலத்துக்கு மனுப் போட்டேன், மூன்று தடவை.
அதிகாரி மலாயில் கேட்டான், மலாயில் சொன்னேன்.
படையில் இருந்ததுண்டா?
இல்லை.
குப்பமுத்து இருந்ததில்லை. அது நிசம்.

போன வருசம் இந்தியாவிலிருந்து
தியாகி பென்சன் பாரம் ஒன்று கைமாறி வந்தது.
சொந்தப் பெயர், முகாம், சாட்சி இரண்டு பேர்.
சாட்சிகள் இருக்கிறார்கள், ஈப்போவில் ஒருவன், கிள்ளானில் ஒருவன்.
பேனாவையும் திறந்துவிட்டேன்.

குணாளன் போன மாதம்
இந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தான்.
எனக்குப் பிறந்தவன்.
சட்டைமேல் தைத்தது அவன் பெயர் மட்டும்.
தாளில் அதற்குப் பின்னால் ஏ/எல் குப்பமுத்து.
சத்தியம் செய்த கையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டான்,
இடது கையில் கரண்டி.
வலது கையில் கொப்புளமாம், துப்பாக்கி புதுசு.

பென்சன் பாரம் அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது.
நோட்டில் இருபத்தாறு பக்கம் ஆகிவிட்டது.

நேற்று அடைமழை.
தெப்பமாய் நனைந்து லீவில் வந்தான்.
அவன் தூங்கியபின்
முதல் பக்கத்தைக் கிழித்துக் கசக்கி
பூட்ஸுக்குள் திணித்தேன்.
ஒரு பூட்ஸுக்குத்தான் போதுமாக இருந்தது.
மற்றதற்குப் பழைய பேப்பர்.
எழுதாத தாள் ஈரத்தை நன்றாக இழுக்கிறது.