மூன்று சாவி

குப்பம் ஸ்டேஷனில் இறங்கும்போது மணி ஒன்பது.
பக்கெட்டுக்குள் குவளை, குவளைக்குள் சோப்பு டப்பா,
டப்பாவுக்குள் ஒரு கொத்து ஊக்கு.
இண்டு இடுக்கு வீணாகாமல்
நேற்று ராத்திரி நான் அடைத்தது.

முதல் வீடு தக்காளி மண்டிக்கு மேலே.
நல்ல காற்று. வாடகையும் தோது.
வீட்டுக்காரர் தமிழில்தான் பேசினார்:
எந்த ஊர், எத்தனை பேர், கறி சமைப்பீங்களா.
கடைசிக் கேள்வி மட்டும் தெலுங்கில்,
"இன்டி பேரு ஏமிட்டி?"
எங்களுக்கு வீட்டுப் பேரெல்லாம் இல்லை,
இனிஷியல்தான் என்றேன்.
ஆம்பூரில் எந்தத் தெரு என்றார்.
ஷெர்லின் செருப்பை மாட்டிக்கொண்டாள்.
அதன் மேல்தோல் நான் தைத்தது.

ஹாஸ்டலில் எட்டுக் கட்டில், ஒரு ஃபேன்.
வார்டன் பெருமையாய்த் திறந்த ஜன்னலுக்கு வெளியே
கையெட்டும் தூரத்தில் பக்கத்துச் சுவர்.
"இங்க சேர்ந்தா மொழியியல் வேணாம்மா,
சுவரையே படிச்சு முடிச்சிடலாம்."
படியிறங்கும்போது சிரித்தோம்.
எனக்குப் பசி.

மூன்றாவது, ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால்.
சுகுணம்மா கதவைத் தள்ளிவிட்டு ஒதுங்கி நின்றார்.
குழாயைத் திறந்தேன், மூடினேன்.
தாழ்ப்பாள் போட்டுத் தோளால் ஒருமுறை முட்டிப் பார்த்தேன்.
மெத்தையைப் புரட்டி விளிம்பில் விரலை ஓட்டினேன்.
இருபது வருஷம் கம்பெனி லைனில் நின்ற கை,
விட்டுப்போன தையல் இருட்டிலும் அகப்படும்.
இரண்டு இடத்தில் விட்டிருந்தது.
ஊசி நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெளியே பேரம் பேசுகிற சத்தம்.
அவள்தான். தெலுங்கில்.
எப்போது கற்றாள்? யாரிடம்?
மூவாயிரம், இரண்டாயிரத்து எழுநூறானது.
கரண்டு பில் தனி.
எண்கள் மட்டும் எனக்கு எட்டின.
நூலைப் பல்லால் அறுத்தேன்.

பூட்டு நான் வாங்கியது. பித்தளை,
மூன்று சாவி.
ஒன்று அவளுக்கு.
ஒன்று, மதியம் பலமநேரிலிருந்து
ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து இறங்கிய
பார்கவிக்கு; அதே அறை.
மூன்றாவதுக்கு
பர்ஸின் ஜிப்பைத் திறந்தே வைத்திருந்தேன்.

"இது ஸ்பேர்" என்று
கடைக்குப் போய் சுகுணம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.
சரிதானே,
நடுராத்திரி சாவி தொலைந்தால்
ஆம்பூரிலிருந்து நானா ஓடி வரப்போகிறேன்.
சரிதான்.
ஜிப் சிக்கிக்கொண்டது.
மூடுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

நாலரை பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது.
பச்சூரில் பலகை தமிழுக்கு மாறியபோது போன்:
"தண்ணி வந்துச்சும்மா, பக்கெட்டு ரொம்பிடுச்சு.
இவ்ளோ ஊக்கு எதுக்கு?"

கொடியில் துணி பறக்காமல் இருக்க, என்றேன்.

"கொடி எங்கம்மா கட்டறது?"

குழாய் பார்த்தேன், தாழ்ப்பாள் பார்த்தேன்,
மெத்தையின் வயிறு வரைக்கும் பார்த்தேன்.
அதை மட்டும்
பார்க்கவே இல்லை.