பயன்: இல்லை

சம்த்ரேதியா சந்திப்பில்
தண்டவாளத்துக் களைகளுக்கு மருந்தடிப்பவள் நான்.
படிவத்தில் ஐந்து கட்டம்:
இடம், தேதி, செடி, அளவு, பயன்.
கடைசிக் கட்டத்தில்
எனக்கு முன்னால் இருந்த ஓதார்
பதினோரு வருஷம் எழுதியது ஒரே சொல்:
இல்லை.
நானும் எழுதினேன்.
கை தானாகவே எழுதும், வலிக்காது.

மூன்றாம் தடத்தில் காஞ்சொறி.
இலையெல்லாம் ரோமம். ஒவ்வொரு ரோமமும்
நுனி உடையக் காத்திருக்கும் கண்ணாடி ஊசி.
அங்கிருந்த கழிப்பறையை இடித்து
இருபது வருஷமாயிற்று,
செடிக்கு மட்டும் இன்னும் மறக்கவில்லை.
மனிதர் விட்டுப்போன உப்பைத் தேடித்தான்
அது குடியேறும்.

கொதிநீரில் ஒரு நிமிஷம் போதும்,
கொட்டுவதை விட்டுவிடும்.
வால்நட்டும் பூண்டும் அரைத்துப் பிசைந்தால்
சோளரொட்டியோடு கேட்டு வாங்கித் தின்பாள் மகள்.
அவளுக்கு ரத்தம் குறைவு.
டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிவிட்டு,
"கீரையும் கொடு, கீரை மட்டும் போதாது" என்றார்.

சிக்னல் கம்பத்தடியில், மிதிபடுகிற இடமாகப் பார்த்து
வளர்வது பலநரம்பி.
எங்கள் மொழியில் அப்படித்தான் அதற்குப் பெயர்.
ஈரத்தில் பிசுபிசுக்கும் விதை,
செருப்பில் ஒட்டிக்கொண்டு ஊர் மாறும்.
சரளை கிழித்த முழங்காலில்
ஜும்பெர் அதைத்தான் கசக்கி வைப்பான்.
மேலே அயோடினும் தடவுவான்,
இரண்டு பக்கமும் மனவருத்தம் வராமல்.

நடைமேடை விரிசலில் பருப்புக்கீரை.
சரியான கள்ளி.
வெயில் கடுத்தால் பகலில் வாய் திறக்காது,
ராத்திரியில்தான் மூச்சு வாங்கும்,
வாங்கியதைப் புளிப்பாக்கி ஒளித்துவைக்கும்.
விடியலில் பறித்தால் நாக்குக் கூசும்,
மாலையில் அதே இலை சாது.
இதை நான் சொல்லும்போதெல்லாம்
வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

எங்கே பறிக்கிறேன் என்று
யாருக்கும் சொன்னதில்லை.
விஷம் தெளிப்பவளுக்குத்தான் தெரியும்
விஷம் விழாத இடம்.

ஏப்ரலில் ஒரு காலை,
ஆறாம் தடத்துச் சரிவில் ஒருத்தி
காலுறையைக் கையுறையாக மாட்டிக்கொண்டு
காஞ்சொறி கிள்ளிக்கொண்டிருந்தாள்.
முந்தாநாள் நான் நனைத்த சரிவு.
கத்தினேன்.
சரக்கு வண்டி என் குரலை ஏற்றிக்கொண்டு போயிற்று.
நாற்பத்திரண்டு பெட்டிகள். எண்ணினேன்.
கடைசிப் பெட்டி விலகியபோது
பையை முடிச்சுப் போட்டுக்கொண்டு
அவள் சாலைக்கு ஏறியிருந்தாள்.

ஓடினேன், முதுகில் கலன் குலுங்க.
சீருடையைப் பார்த்து முகம் வெளுத்தாள்.
"அபராதமா?"
மூச்சு வாங்கியதில் ஒரு சொல்தான் வந்தது:
"மருந்து."
"ஆமாம், மருந்துக்குத்தான்.
அம்மாவுக்கு மூட்டுவலி."

திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.
கலன்மேல் மண்டையோடு.
அவள் ஒன்றும் பேசவில்லை.
பையைக் கவிழ்த்தாள்.
காலுறையைக் கழற்றி எறிந்தாள்.
பிறகு விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள்.

குழாயடியில் கை கழுவவைத்து,
மூன்றாம் தடத்துக்குக் கூட்டிப்போய்
என் கையாலேயே பறித்துக் கொடுத்தேன்,
உறை இல்லாமல்.

அன்று மாலை படிவம்.
செடி: காஞ்சொறி. அளவு: பூஜ்யம்.
பயன் கட்டம் விரலகலம்தான்.
எழுத்து ஓரத்தில் இறங்கியது,
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் போனது.
கொதிநீரில் ஒரு நிமிஷம், என்று எழுதும்போது
பேனா பிடித்த விரலில்
இன்னும் எரிந்துகொண்டிருந்தது.