எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே

எழுபத்தெட்டு வரை ஒன்றுமில்லை.
எண்பதைத் தொட்டால்
ஸ்டியரிங்குக்குள் யாரோ
வெற்றிலை இடிக்கிறார்கள்.
தொண்ணூற்றைந்தில் இடித்து முடித்து
எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் காற்று என்று நினைத்தேன்.
வாளையாறு தாண்டினால் ஆடிக் காற்று
பக்கவாட்டில் வந்து வண்டியைத் தோளால் முட்டும்,
எல்லோருக்கும் தெரிந்த குற்றவாளி.
ஆனால் இலை அசையாத விடிகாலையிலும்
டேஷ்போர்டில் வைத்த ஒற்றை ரூபாய்
நகர்ந்து நகர்ந்து
என் மடியில் விழுந்தது.

வண்டியில் இருப்பது முட்டை.
நாமக்கல்லில் ஏற்றியது ஏழாயிரத்து இருநூறு.
ஒலவக்கோட்டில் உம்மர்
டார்ச் அடித்து அட்டை அட்டையாய்ப் பார்த்து
"ஐம்பத்தாறு பொட்டிப்போயி, சேச்சீ" என்றார்.
அதற்கு முந்தின மாசம் பதினொன்று.

நடுவில் மாறியது ஒன்றே ஒன்று:
சீட்டு எடுத்த பணத்தில்
கருகருவென்று, ஆறு கை விரித்து
நான் மாட்டிய நாலு அலாய் வீல்.
"அழகு முட்டை போடுமாக்கும்?" என்று
அன்றைக்கே கேட்டிருந்தான் பொன்னுரங்கன், என் வீட்டுக்காரன்.
அதனால்
வீலைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

டை ராட் மாற்றினேன். பால் ஜாயிண்ட் மாற்றினேன்.
அலைன்மென்ட் இரண்டு தடவை.
டயருக்குக் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன்.
யாரும் பார்க்காத நேரத்தில்
நாலு எலுமிச்சை கூட நசுக்கினேன்.

சந்திராபுரம் டயர்க் கடையில் காஜா உசேன்
சக்கரத்தைக் கழற்றி மெஷினில் பூட்டிச் சுற்றினான்.
பூஜ்யம்.
ஈயத்தைப் பிடுங்கி, மறுபடி ஒட்டி, மறுபடி
பூஜ்யம்.
மெஷினில் பூஜ்யம், ரோட்டில் எண்பது.

"பழைய இரும்பு வீல் ரெண்டை
முன்னால மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கக்கா."
ஓட்டினேன்.
இடி கையை விட்டு இறங்கி
சீட்டுக்கு அடியில், இடுப்புக்கு வந்தது.
ஆள் யாரென்று அங்கேயே தெரிந்துவிட்டது.
வாய்விட்டுச் சொல்ல
இன்னும் பத்து கிலோமீட்டர் ஆனது.

திரும்பி வந்ததும் ஜாக்கி ஏற்றி
செங்கல்மேல் ஸ்க்ரூடிரைவரைக் கிடத்தி
புது வீலைக் கையால் சுற்றினான்.
விளிம்பு ஒரு பக்கம் முனையை உரசியது,
மறுபக்கம் ஒரு தீக்குச்சி நுழைய விலகியது.
கழற்றி அளந்தான்.
அச்சின் மூக்கு நூற்றாறு.
வீலின் நடு ஓட்டை நூற்றுப்பத்து.

"மெஷின்ல கூம்பு வெச்சு நடுவுல நிறுத்தறோம்.
இங்க நிறுத்த ஆளே இல்லீங்கக்கா.
ஆறு நட்டைப் புடிச்சுட்டுத் தொங்குது.
எதை முதல்ல இறுக்கறமோ
அந்தப் பக்கம் சாஞ்சுக்குது."

நாலு மில்லிமீட்டர்.
அந்தச் சந்துக்குள்தான் போயிருக்கிறது
ஐம்பத்தாறு முட்டை, ஒரு டை ராட், நாலு எலுமிச்சை,
நான் வீட்டில் போட்ட சண்டை எல்லாம்.

கஞ்சிக்கோட்டு லேத்தில் பௌலோஸ்
அலுமினியத்தில் நாலு வளையம் கடைந்தார்.
வெள்ளிச் சுருள் அவர் செருப்பை மூடியது.
"ஆனைக்குட்டிக்கு வளையலோ?"
சுற்றிலும் இரண்டு மில்லி கனம், அவ்வளவுதான்.
அதைப் போட்டு வீலைத் தள்ளியபோது
டொக் என்றது,
கதவு தாழ்ப்பாள் விழுகிற மாதிரி.
நட்டை எதிரும் புதிருமாக இறுக்கினோம்,
சக்கரம் தரையைத் தொடுவதற்கு முன்பே.

மறுநாள் பாம்பாம்பள்ளம் டோல் தாண்டி
எண்பது.
எண்பத்தைந்து. தொண்ணூறு.
ரூபாய் வைத்த இடத்தில் இருந்தது.
தூரத்துக் காற்றாலைகள்
தம்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

உம்மர் எண்ணி முடித்ததும் ஃபோன் போட்டேன்.
"வீல்தான்" என்றேன்.
பொன்னுரங்கன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, "முட்டை?"
"ஒன்பது."
"ம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

திரும்பும்போதுதான் கேட்டது
இடதுபக்கக் கதவில் ஒரு கடகடப்பு.
எத்தனை மாசமாக இருந்ததோ.