நான்கு நிமிடம் ஐம்பத்திரண்டு

செல்லூரில் கரண்ட் போனால்தான்
கடிகாரம் கேட்கும்.
விசைத்தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்ததும்
இதை எடுத்துக் காதில் வைப்பேன்.
நாற்பது நாளாய் ஒன்றும் கேட்கவில்லை.

பகலில் பல் கட்டும் லேபில் வேலை,
யாருடைய கடைவாய்க்கோ மேடுபள்ளம் செதுக்குகிறேன்.
இரவில் இது:
இரண்டு பொத்தான், முகத்துக்குள் மூன்று சின்ன முகம்,
பனி பெய்யும் ஊரில் பிறந்து
மதுரை வியர்வையில் துருவேறிய
நூற்றுச் சொச்சம் உறுப்புகள்.

ஞானஒளிவுபுரத்துப் பிரகாசி கொண்டுவந்தார்.
"தம்பியோடது. ஓடுனாப் போதும்."

எனக்கு முன் திறந்தவன்
மூடியின் உட்புறம் ஊசியால் தேதி கீறியிருந்தான்,
ஒரு திருகைக் கோந்து போட்டு ஒட்டியிருந்தான்.
அவனைத் திட்டாமல் தூங்கியதில்லை.
வேப்பங்குச்சியைச் சீவிச் சீவி
கல்துளைகளைத் துடைத்தேன்.
ஃபேன் போடக் கூடாது.
ஒரு தும்மல், ஒரு வில் காணோம்.
காந்தத்தால் தேடினால்
அகப்பட்டாலும் ஆகாது.
டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து
நானும் படுத்துத் தேடினேன்.
மூன்றாம் நாள் கைலி மடிப்பிலிருந்து விழுந்தது.

இதெல்லாம் பிறகு. முதல் நாள்
பிரிப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்:
ஓடவிட்டு நிறுத்தும் முள்
சுழியில் இல்லை.
நான்கு நிமிடம், ஐம்பத்திரண்டு வினாடி.
எதையோ அளந்து
அப்படியே விட்டிருக்கிறான்.
ரசீதின் பின்னால் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

சுழிக்குத் திரும்ப உள்ளே ஓர் ஏற்பாடு உண்டு.
இதய வடிவில் ஒரு குட்டித் தகடு,
அதன்மேல் விழும் சுத்தியல்.
எங்கே நின்றாலும் ஒரே அடி.

போன வியாழன் கரண்ட் போனது.
கேட்டது,
வினாடிக்கு ஐந்து.

முட்களைச் சுழியில்தான் பொருத்த வேண்டும், பொருத்தினேன்.
பிறகு மேல் பொத்தானை அழுத்திவிட்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.
அடுத்த வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.
யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு
பதில் வராமல் மறுபடி கூப்பிட்டார்கள்.
நான்கு நிமிடம் அவ்வளவு நீளம் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
ஐம்பத்திரண்டில் நிறுத்தினேன்.
அவன் விட்ட இடம்.

சனிக்கிழமை பிரகாசி வந்தார்.
விஷயத்தைச் சொன்னேன்.
"ஓட்டப் பந்தயமா இருக்குமோ?"
"அவனா? முட்டை அவிச்சிருப்பான்."
சிரித்தபடி கையில் கட்டிக்கொண்டு
"இந்தப் பட்டன் எதுக்கு?"

நான் வாய் திறப்பதற்குள்
அழுத்தினார்.

முள் சுழியில் நின்றது,
துளிகூட நடுங்காமல்.
வேலை சுத்தம்தான்.

"மீதி எவ்வளவு தரணும்?" என்றார்.
ரசீதை நீட்டினேன்,
பின்பக்கம் தெரியாதபடி.