டயருக்குக் காற்று

லிப்பி பள்ளிக்குக் கிளம்பும் முன்
சைக்கிளுக்குக் காற்றடிப்பாள்.
சர்க்கார் கொடுத்த சைக்கிள்,
பின்சக்கரத்தில் எப்போதும் ஒரு கசிவு.
அந்த நேரம் பார்த்து நான்
குடத்தோடு குழாயடிக்குப் போய்விடுவேன்.
அம்மாவுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் என்கிறாள்.
இருக்கட்டும்.

அவள் பிறந்து ஐந்தாம் மாதம்
பிராமணி ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் முகாம்.
பெஞ்சுகள் வெளியே வெயிலில் கிடந்தன.
கரும்பலகையில்
ஒடியா எண்களில் பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு.
சேபதி என்று யாரும் கூப்பிடவில்லை,
நெற்றியில் ஒட்டிய பிளாஸ்திரியில் நாற்பத்தொன்று.
நாற்பது, என் ஓரகத்தி குந்தலா.
ஊசி போட்டும் எனக்குக் கண் சொக்கவில்லை.
கம்பவுண்டர் பையன் ஒருவன்
பம்பைக் காலால் மிதித்துக்கொண்டு
கைப்பிடியை ஏற்றி இறக்கினான்
ஏற்றி இறக்கினான்.
அவன் சைக்கிளுக்கு என்றுதான் நினைத்தேன்
என் வயிறு எழும்பும்வரை.

சாயங்காலம் பணத்தை எண்ணிக் கொடுத்து
கட்டைவிரலை மையில் அழுத்தினார்கள்.

மூன்று நாள் தோள்பட்டை குத்தியது.
வெட்டியது வயிற்றில், வலி தோளிலா
என்று சிரித்தாள் ஆஷா தீதி.
பிறகு வந்த வலிகளை அவளிடம் கொண்டுபோகவில்லை.
மாதத்தில் பன்னிரண்டு நாள் துணிதான்.
கத்திரி வெயிலில் பீடி இலை பறிக்கப் போனால்
மற்றவர்கள் ஐம்பது கட்டுக் கட்டும்போது
முப்பதில் இடுப்பு விட்டுவிடுகிறது,
மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.
"ஒரு விரல்கடை தையல், இத்தனை வருஷமா?"
என்பான் துருபா. கெட்டவன் இல்லை.
ஆம்பிளைக்கும் செய்யலாம், சுலபம் என்று
நர்ஸ் அன்றைக்கே சொன்னாள்.
அவன் மூட்டை தூக்குகிறவன் என்றாள் மாமியார்.
நான் தூக்கியதெல்லாம் பஞ்சா?

குந்தலாவுக்கு அடுத்த வருஷமே ஒரு பையன்.
ஆபீஸில் காட்டினாள்.
இவளுக்கு இனிக் குழந்தை பிறக்காது என்று
அவள் சான்றிதழையே படித்துக் காட்டினார்கள்.
மடியில் அவன் அழுதுகொண்டிருந்தான்.
சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள் குந்தலா,
சிரித்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை.
குடம் காலியாகத் திரும்பினேன்.
"அம்மா, இந்த வாயைக் கொஞ்சம் பிடியேன்,
கழன்று கழன்று போகிறது."
உட்கார்ந்தேன். பிடித்தேன்.
விரலிடுக்கில் சில்லென்று சீறியது காற்று.
கை நடுங்கியதை அவள் பார்க்கவில்லை,
குனிந்து
ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள்.
பிறகு நிறுத்தி, டயரை அழுத்திப் பார்த்துவிட்டு
போதுமா அம்மா, என்று கேட்டாள்.

என்னை.

நேரமாகிறது அவளுக்கு,
மணியடித்துவிடுவார்கள்.
இன்னும் சொல்லவில்லை நான்.