வாங்கு

காலை ஆறரை, வெள்ளவத்தை ஸ்டேஷன்.
கடல் முகத்தில் உப்பைத் தடவிக்கொண்டிருக்க
கைபேசி சொன்னது:
இத்தனை வருட அன்புக்கு நன்றி,
இனி மாதம் நாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசியில் வாங்கிய செயலி.
செய்யவேண்டியதை எழுதுவது, செய்ததை வெட்டுவது,
அவ்வளவுதான் அதன் வேலை.
மூவாயிரத்து அறுநூறு ரூபா, ஒரே தரம்.
டொலர் அப்போது நூற்றியெண்பதில் நின்றது.
பிறகு எங்கே போனதென்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.
'ஆயுட்காலத்துக்கு' என்று போட்டிருந்தார்கள்.
யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை.

கேட்டிருக்கவேண்டும். என் தொழிலே அது.
புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம், மாடிப்படிக்குக் கீழே
ஒரு மேசை, ஒரு முத்திரை, முதுகு கழன்ற இரண்டு அகராதி:
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
'அவருக்கும் அவர்தம் பின்னுரித்தாளருக்கும்' என்ற உறுதியில்
ஓர் 'உம்' விழுந்தால் ஒரு வீடு விழும்.
அந்த 'உம்'மைப் பிடித்துவைத்தே
இருபது வருடம் சோறு தின்றவள்
'சம்மதம்' என்ற பொத்தானை
வாசிக்காமல் அமத்தினேன்.

ரயிலில் இடமில்லை. கம்பியைப் பிடித்தபடி
அந்தச் சொல்லையே உருட்டிக்கொண்டு போனேன்.
கடையில் வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம்,
அடி வாங்குகிறோம்,
கோட்டையில் இறங்கிப் படியேறினால் மூச்சு வாங்குகிறது.
வாங்கிய மூச்சை வைத்துக்கொள்ள முடியுமா,
விட்டால்தானே அடுத்தது.
எங்கள் பேச்சில், ஆட்கள் வந்து இருக்கிற நீளப் பலகையும் வாங்குதான்;
என் மேசைக்கு முன்னால் ஒன்று கிடக்கிறது, ஒரு கால் ஆடும்.

செயலியை எழுதியவனுக்கும் வீட்டு வாடகை இருக்கும்.
என் வீட்டுக்காரர் ஸ்காபரோவிலிருந்து
தை பிறந்தால் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார்;
முதலில் குளிரைப் பற்றி, கடைசியில் ஐயாயிரத்தைப் பற்றி.
அவனுக்கும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும்.
ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

வாங்கில் முஸம்மில் காத்திருந்தார், மாளிகாவத்தை.
மகளின் பிறப்புச் சான்றிதழ்,
நான்தான் முன்பு மொழிபெயர்த்துக் கொடுத்தது,
பிளாஸ்டிக் உறைக்குள் கசங்காமல்.
"எம்பசியில எடுக்க மாட்டாங்களாம் மிஸ்,
ஆறு மாசத்துக்குள்ள செஞ்சதா ஈக்கணுமாம்."

பிள்ளை அதே பிள்ளை. பிறந்தது அதே காசல் வீதி ஆஸ்பத்திரி.
பழைய கோப்பைத் திறந்தேன்,
திகதியை மாற்றினேன்,
மனச்சாட்சிக்காக ஒருமுறை முழுதும் வாசித்தேன்.
ஒரு காற்புள்ளிகூட அசையவில்லை.
முத்திரை. கையெழுத்து.
"ஆயிரத்து ஐந்நூறு."

மூன்று ஐந்நூறுகளை நீவி நீவி வைத்தார்.
"பழசுல என்ன பிழ மிஸ்?"
"பிழை ஒண்டுமில்லை" என்றேன்.
"நீங்கள் முந்தியும் என்னட்டத்தானே வந்தனீங்கள், சந்தோஷம்."
சொன்ன பிறகுதான் கேட்டது
காலையில் வந்த அந்தக் கடிதத்தின் குரல்,
என் வாயிலிருந்து.

ஓர் ஐந்நூறையாவது திருப்பிக் கொடுக்கலாமென்று கை போனது.
போய், லாச்சியைப் பூட்டிவிட்டு வந்தது.

'முஸம்மில், சான்றிதழ், அவசரம்.'
வெட்டிவிட வட்டத்தைத் தொட்டேன்.
பட்டியலை வாசிக்கலாம், மாற்ற முடியாது என்றது கைபேசி.

அவர் போய்விட்டார். பழைய பிரதி வாங்கிலேயே கிடந்தது,
காற்றுக்கு ஒரு முனை தூக்கித் தூக்கி.
முத்திரையின் நீலம் மங்கவில்லை.
கையெழுத்து இப்போதையதைவிடக் கொஞ்சம் பெரிது.
நின்றபடியே வாசித்துப் பார்த்தேன்.
எல்லாச் சொல்லும் இன்னும் சரி.